வழங்கியின் சுமையும் வாங்கியின் நிதானமும்

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் காலைப்பொழுதை நம் மாணவர்கள் நன்கு அறிவர். குறித்த மணி அடித்தவுடன் இலட்சக்கணக்கான விரல்கள் ஒரே இணையப் பக்கத்தைத் தட்டுகின்றன. பக்கம் திறப்பதில்லை. உடனே மீண்டும் தட்டுகின்றனர். வீட்டில் மாணவன் ஒரு கைப்பேசியில் தன் பதிவெண்ணை இடுகிறான். தந்தை மற்றொரு கைப்பேசியில் அதே எண்ணை இடுகிறார். வெளியூரில் இருக்கும் மாமா தம் அலுவலகக் கணினியில் அதே எண்ணை இட்டுக் காத்திருக்கிறார். ஒரு மாணவனின் மதிப்பெண்ணுக்கு மூன்று இடங்களிலிருந்து முப்பது கோரிக்கைகள் சென்று சேர்கின்றன. ‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்னும் முணுமுணுப்பு வீடுதோறும் எழுகிறது.

அவ்வேளையில் நாம் குறை கூறுவது மறுமுனையில் இருக்கும் கணினியையே. இன்னும் பெரிய கணினியை அமைத்திருக்கலாகாதா என்கிறோம். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆயினும் கணினித் துறையின் ஐம்பதாண்டுக் கால வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு, பெருகிவரும் சுமையைத் தாங்கும் வழியின் பெரும்பகுதி கேட்பவர் பக்கத்திலேயே உள்ளது என்பது புலனாகும். எத்தனை முறை கேட்பது, எவ்வளவு இடைவெளி விட்டுக் கேட்பது, விடை வாராதபோது யாது செய்வது என்பவற்றை நெறிப்படுத்தும் கலையே இக்கட்டுரையின் பொருள்.

பொருளுக்குள் புகுமுன் சொல்லைத் தெளிவு செய்துகொள்ளுதல் தமிழ்த்துறையார் வழக்கம். கோரிக்கைகளை ஏற்று விடை தரும் கணினியைப் பாடநூல்கள் சேவையகம் என்கின்றன. கணித்தமிழ் ஆர்வலர் பலர் வழங்கி என்பர். அதனிடம் கேட்கும் கணினியோ, கைப்பேசியோ, அவற்றுள் இயங்கும் செயலியோ ‘கிளையண்ட்’ எனப்படும். அதனை வாங்கி எனலாம். ‘வாங்கி’ என்பது வினையெச்சத்தோடு மயங்குமே என்று இலக்கணம் கற்றோர் முகஞ்சுளிக்கக்கூடும். எனினும் வழங்குவது வழங்கி, வாங்குவது வாங்கி என்னும் இணை செவிக்கு இனிதாகவும் பொருளுக்கு ஏற்றதாகவும் அமைதலின், அச்சொற்களையே இங்கு ஆள்கிறோம்.

வரிசையின் கணக்கு

டென்மார்க் நாட்டுக் கோபன்கேகன் நகரின் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ.கே. எர்லாங் என்னும் கணித அறிஞர், தொலைபேசி அழைப்புகள் எவ்வாறு வந்து குவிகின்றன என்பதைப் பற்றி 1909ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வரிசைக் கோட்பாடு என இன்று வழங்கும் துறைக்கு அதுவே தோற்றுவாய். அக்கோட்பாடு தரும் எளிய கணக்கு ஒன்றைக் காண்போம்.

ஒரு வழங்கி வினாடிக்குச் சராசரி 100 கோரிக்கைகளுக்கு விடையளிக்க வல்லது எனக் கொள்வோம். கோரிக்கைகள் சீராக வருவதில்லை. சில நொடிகளில் திரண்டும் சில நொடிகளில் அருகியும் வரும். வினாடிக்கு 50 கோரிக்கைகள் வரும்போது ஒவ்வொன்றும் விடை பெற்றுத் திரும்ப ஆகும் சராசரி நேரம் ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. 90 வரும்போது அது பத்தில் ஒரு பங்காகிறது. 95 வரும்போது ஐந்தில் ஒரு பங்கு. 99 வரும்போதோ முழுதாக ஒரு வினாடி! வருகை இரட்டிப்பாகக் கூட ஆகவில்லை; காத்திருப்பு ஐம்பது மடங்கு ஆகிவிட்டது. வழங்கியின் வேகம் படிப்படியாகக் குறையும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். கரை விளிம்பு வரை அமைதியாக நிற்கும் ஏரி, விளிம்பைத் தொட்டபின் உடைப்பெடுப்பது போன்றது இது.

இனி, விளிம்பைக் கடந்தால் யாது நிகழும்? அதே வழங்கிக்கு வினாடிக்கு 120 கோரிக்கைகள் வருகின்றன எனக் கொள்வோம். 100க்கு விடை கிடைக்கிறது; வினாடிதோறும் 20 தேங்குகின்றன. 25 வினாடிகளில் தேக்கம் 500 ஆகிறது. அப்போது வரிசையில் புதிதாக வந்து நிற்பவர் 5 வினாடி காத்திருந்தாக வேண்டும். வாங்கியோ 5 வினாடிக்குமேல் பொறாதது. அதற்குள் விடை வாராவிடில் பழைய கோரிக்கையைக் கைவிட்டுப் புதியதொன்றை அனுப்புமாறு அது எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே 25ஆம் வினாடிக்குப்பின் வந்து சேரும் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும், கேட்டவர் அகன்ற பிறகே விடை வருகிறது. கைவிட்டவை எவை என்பது வழங்கிக்குத் தெரியாது. அது வரிசைப்படி பழையனவற்றுக்கே உழைக்கிறது. கைவிட்டவற்றின் இடத்தில் புதியன வந்து வரிசையின் கடைசியில் நிற்கின்றன. வழங்கி இமைப்பொழுதும் ஓய்வின்றி வேலை செய்கிறது. ஒருவருக்கும் விடை சேரவில்லை. தேர்வு முடிவு நாளில் நாம் காணும் காட்சியின் உள்ளே நிகழ்வது பெரும்பாலும் இதுவே.

மறுமுறை கேட்டல் என்னும் செயல் தனித்து நோக்கின் குற்றமற்றது. விடை வரவில்லை, எனவே கேட்டேன் என்பதில் தவறென்ன? ஆனால் எல்லோரும் அதனையே செய்யும்போது, மருந்தே நோயாகிறது. அடுக்கடுக்கான அமைப்புகளில் இது இன்னும் கொடிது. ஒரு செயலி தன் வழங்கியை மூன்று முறை கேட்கிறது. அவ்வழங்கி ஒவ்வொரு முறையும் தனக்குப் பின்னுள்ள வழங்கியை மும்முறை கேட்கிறது. அதுவும் தரவுத்தளத்தை மும்முறை கேட்கிறது எனில், ஒருவர் ஒருமுறை தட்டியதற்கு அடியிலுள்ள தரவுத்தளம் 27 அடிகளை வாங்குகிறது. அதுவும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் வேளையில்!

நானூறு கெஜத் தொலைவில் ஒரு முடக்கம்

இவ்வுண்மையை உலகம் கற்றுக்கொண்ட களம் இணையத்தின் பாதைகளே. பாதைகளில் விரையும் தரவு, பொதி எனப்படும் சிறு சிறு கட்டுகளாகச் செல்கிறது. ஒரு பொதி சேர்ந்ததற்கு ஒப்புகை வாராவிடில் அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். இம்முறை நெரிசலில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்று ஜான் நேகிள் என்பவர் 1984ஆம் ஆண்டிலேயே எச்சரித்து எழுதினார்.

1986 அக்டோபரில் அது நடந்தேறியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் பெர்க்லிப் பல்கலைக்கழகமும் ஏறத்தாழ 400 கெஜத் தொலைவில் அமைந்தவை. அவற்றுக்கிடையே வினாடிக்கு 32,000 பிட் அளவில் ஓடிய தரவு, 40 பிட் அளவுக்கு வீழ்ந்தது. ஓர் ஆங்கில எழுத்துக்கு 8 பிட் என வைத்துக்கொண்டால், வினாடிக்கு நாலாயிரம் எழுத்துகள் சென்ற இடத்தில் ஐந்து எழுத்துகள். ஒருவர் தாளில் எழுதி நடந்துசென்று கொடுத்திருந்தால் விரைவாகச் சேர்ந்திருக்கும்.

அவ்வாய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன், பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கேரல்ஸ் என்போர் இதன் காரணத்தை ஆராய்ந்தனர். கம்பிகளில் பழுதில்லை. பொதிகளை அனுப்பும் கணினிகள் பொறுமையின்றி நடந்துகொண்டன. பாதையில் தாமதம் ஏற்பட்டவுடன், சென்றுகொண்டிருக்கும் பொதியையே தொலைந்ததாகக் கருதி மறுபடி அனுப்பின. அதனால் தாமதம் மேலும் கூடியது. 1988இல் வெளியான அவர்தம் ஆய்வுரை முன்வைத்த தீர்வு எளிமையில் வியப்பூட்டுவது. தொடக்கத்தில் சிறிதாக அனுப்பு. ஒப்புகை வர வர அளவைக் கூட்டு. பொதி தொலைந்ததெனத் தெரிந்தால் அதனை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு அளவைச் சட்டெனக் குறை. மறுபடி மெல்ல ஏறு. கூட்டுவது சிறுகச் சிறுக, குறைப்பது பாதி பாதியாக என்பது அதன் சாரம்.

இதில் நம் கருத்தைக் கவர்வது ஒன்று. புதிய கம்பி எதுவும் இழுக்கப்படவில்லை. நடுவில் அதிகாரம் செலுத்தும் காவலர் எவரும் நியமிக்கப்படவில்லை. இருமுனைகளிலும் உள்ள கணினிகளின் மென்பொருள் மாற்றப்பட்டது. ஒவ்வொரு கணினியும் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டது. இன்று கோடானுகோடிக் கருவிகள் ஒரே இணையத்தைப் பகிர்ந்துகொள்ள முடிவதற்கு இந்நெறியும் அதன் வழிவந்த நெறிகளும் அடித்தளம் என்றால் மிகையாகாது.

காத்திருத்தலின் இலக்கணம்

எவ்வளவு நேரம் காத்திருந்து மறுபடி கேட்பது என்னும் வினாவுக்கு விடை ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் இயக்கிய ‘அலோகா’ வலையமைப்பில், பல தீவுகளிலிருந்த முனையங்கள் ஒரே வானொலி அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டன. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் சிதையும். சிதைந்தபின் இருவரும் ஒரே அளவு நேரம் காத்திருந்து மறுபடி பேசினால் மறுபடியும் சிதையும். ஆகவே ஒவ்வொருவரும் குருட்டாம்போக்கில் ஒரு நேரத்தைத் தேர்ந்து காத்திருக்க வேண்டும் என்று வகுத்தனர். குறுகிய வாயிலில் எதிரெதிரே வந்த இருவர், ஒரே சமயத்தில் வழிவிட்டு ஒரே சமயத்தில் மறுபடி அடியெடுத்து வைத்து முட்டிக்கொள்வதை நாம் கண்டதில்லையா?

ஈதர்நெட் என்னும் முறை இதனை இன்னும் செம்மையாக்கியது. முதன்முறை மோதினால் சிறிய எல்லைக்குள் ஒரு நேரத்தைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து காத்திரு. மறுமுறை மோதினால் எல்லையை இரட்டிப்பாக்கு. மீண்டும் மோதினால் மீண்டும் இரட்டிப்பாக்கு. பதினாறு முறையும் தோற்றால் முயற்சியைக் கைவிட்டுத் தோல்வியை அறிவி. இரட்டிப்பாதல், குருட்டாம்போக்கு, கைவிடல் என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த இந்நெறியை இன்றைய செயலிகள் பலவும் பின்பற்றுகின்றன.

மூன்றனுள் நடுவில் உள்ள குருட்டாம்போக்கை மென்பொருள் எழுதுவோர் மறந்துவிடுவதுண்டு. ஆயிரம் வாங்கிகள் ஒரே கணத்தில் விடை பெறாது போகின்றன எனக் கொள்வோம். எல்லாம் பணிவுடன் 2 வினாடி காத்திருக்கின்றன. பின் ஆயிரமும் ஒரே கணத்தில் வந்து மோதுகின்றன. 4 வினாடி, பின் 8 வினாடி. ஒவ்வொரு முறையும் ஆயிரமும் கூடியே வருகின்றன. இடையில் வழங்கி வேலையின்றி வெறிதே இருக்கிறது. பொறுமை இருந்தும் பயனில்லை. அதே 2 வினாடிக்குப் பதிலாக, சுழியத்திலிருந்து 4 வினாடி வரை ஏதேனும் ஒரு நேரத்தை ஒவ்வொன்றும் தானே தேர்ந்திருந்தால் அக்கூட்டம் வினாடிக்கு 250 என்னும் கணக்கில் பரவி வந்திருக்கும்.

மணி கேட்ட ஏழு இலட்சம் கருவிகள்

வாங்கியின் ஒழுங்கின்மை எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதற்கு 2003ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். அதன் களமும் ஒரு கல்வி நிலையமே.

அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகம், சரியான நேரத்தை அறிவிக்கும் வழங்கிகளைப் பொதுமக்கள் பயனுக்காக இலவசமாக நடத்திவந்தது. எந்தக் கணினியும் அதனிடம் மணி கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். கட்டணமில்லை, அனுமதி பெற வேண்டுவதில்லை. 2003 மே மாதத்தில் அவற்றுள் ஒன்றை நோக்கிப் பெருவெள்ளமாகக் கோரிக்கைகள் வரத் தொடங்கின. வினாடிக்குப் பல்லாயிரம் பொதிகள். முதலில் இது தீயோர் சிலரின் தாக்குதல் என்றே கருத இடமிருந்தது. அவ்வகைக் கோரிக்கைகளை வாயிலிலேயே தடுத்தனர். தடுத்தும் வெள்ளம் வடியவில்லை, ஏறியது. ஜூன் மாதத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 2,50,000 பொதிகள் என்னும் அளவை எட்டியது.

பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவ் ப்ளோங்கா என்பார் இதனைத் துருவி ஆராய்ந்து 2003 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டார். நெட்கியர் நிறுவனம் வீடுகளுக்கென விற்ற ரூட்டர்களில் சில வகைகளின் உள்ளே இப்பல்கலைக்கழக வழங்கியின் முகவரி நிலையாகப் பொறிக்கப்பட்டிருந்தது. அத்தகைய கருவிகள் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டவை சந்தைக்கென உருவாக்கப்பட்டிருந்தன. அவற்றை வாங்கிய இல்லத்தார்க்கு, தம் வீட்டு மூலையில் இருக்கும் சிறு பெட்டி எங்கோ உள்ள ஒரு பல்கலைக்கழகத்திடம் மணி கேட்கிறது என்பதே தெரியாது.

இக்கருவிகளின் நடத்தையில்தான் ஊழல் ஒளிந்திருந்தது. விடை கிடைத்தால் அவை அமைதியடையும். விடை கிடைக்காவிடில் வினாடிக்கு ஒருமுறை கேட்கும்; கிடைக்கும்வரை கேட்கும்; ஓய்வும் இல்லை, ஒழிவும் இல்லை. ஈதர்நெட் நெறியின் மூன்று கூறுகளில் ஒன்றேனும் அவற்றிடம் இல்லை. எனவே வழங்கி தன்னைக் காத்துக்கொள்ள வாயிலை மூடியபோது, அமைதியாக இருந்த கருவிகளும் விடையின்மையால் விழித்துக்கொண்டு வினாடிதோறும் தட்டத் தொடங்கின. மூடிய கதவே கூட்டத்தைக் கூட்டியது. இதனை நாம் எத்தனை முறை எண்ணினும் வியப்புத் தீர்வதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 7 இலட்சம் கருவிகளும் வினாடிக்கு ஒருமுறை கேட்டால் வினாடிக்கு 7,00,000 கோரிக்கைகள். அதே கருவிகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் வினாடிக்கு 1,200க்கும் குறைவு. கருவிகளின் எண்ணிக்கையில் மாற்றமில்லை. இல்லத்தார் பெறும் பயனிலும் மாற்றமில்லை. வீட்டு ரூட்டரின் கடிகாரம் பத்து நிமிடத்தில் எவ்வளவு பிழைபட்டுவிடும்?

நிறுவனம் திருத்திய மென்பொருளை வெளியிட்டது. பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு 3,75,000 டாலர் நன்கொடையும் அளித்தது. ஆயினும் விற்றுப்போன கருவிகளின் உரிமையாளர்கள் தாமாக முன்வந்து மென்பொருளைப் புதுப்பித்தாலன்றி அவை கேட்பதை நிறுத்தா. இல்லத்தாரில் எத்தனை பேர் தம் ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பிப்பர்? வாங்கியில் நேர்ந்த பிழையைத் திரும்ப அழைக்க இயலாது என்பதே இந்நிகழ்ச்சியின் கொடிய பகுதி.

இதன் பயனாக நெறிகள் கடுமையாயின. 2006 சனவரியில் வெளியான எளிய நேர நெறிமுறை ஆவணம், எந்நிலையிலும் 15 வினாடிக்குக் குறைந்த இடைவெளியில் கேட்கலாகாது என்றும், விடை வாராதபோது இடைவெளியை மடங்கு மடங்காக நீட்ட வேண்டும் என்றும் விதித்தது. வழங்கி தன்னை மிகுதியாகத் தொல்லை செய்யும் வாங்கிக்கு அனுப்பும் ஒரு விடைப் பொதிக்கு ‘மரண முத்தம்’ என்று பெயர். வல்லுநர்க்கும் நகைச்சுவை உண்டு போலும். 2010இல் வந்த நேர நெறிமுறையின் நான்காம் பதிப்பு, வேகத்தைக் குறை என்று கூறும் குறியீட்டையும் அதனுள் வைத்தது. வாளாவிருப்பதைவிட ‘மெல்லக் கேள்’ என்று ஒரு சொல் சொல்வதே சுமையைக் குறைக்கும் என்று கண்டுகொண்டனர்.

மதகும் டோக்கனும்

இதுகாறும் வாங்கியின் கடமையைப் பேசினோம். வழங்கி கைகட்டி நிற்பதில்லை. எல்லா வாங்கிகளும் நல்லன என்று நம்பி வாயிலைத் திறந்து வைக்க இயலாது.

இதற்கெனப் பரவலாக வழங்கும் முறையை டோக்கன் வாளி என்பர். ஒவ்வொரு வாங்கிக்கும் வழங்கி மனக்கணக்கில் ஒரு வாளி வைத்திருக்கிறது. அவ்வாளியில் 20 டோக்கன்கள் கொள்ளும்; வினாடிக்கு 2 டோக்கன் வீதம் அதில் விழுந்துகொண்டிருக்கும்; நிரம்பிவிட்டால் மேலும் விழுபவை வழிந்து வீணாகும். ஒரு கோரிக்கைக்கு ஒரு டோக்கன். வாளி வெறிதானால் கோரிக்கை ஏற்கப்படாது. இதன் நயம் யாதெனில், சிறிது நேரம் அமைதியாக இருந்தவர் திடீரென 20 கோரிக்கைகளை ஒருசேர அனுப்பலாம். படங்கள் பல கொண்ட பக்கத்தைத் திறப்பவர்க்கு இச்சலுகை தேவை. ஓயாது கேட்பவரோ வினாடிக்கு 2, அதாவது மணிக்கு 7,200 என்னும் அளவைத் தாண்ட முடியாது. இதற்கு உறவான ஒழுகும் வாளி என்னும் முறையை 1986இல் ஜொனாதன் டர்னர் முன்வைத்தார். அதில் வரவு எவ்வளவு பொங்கினும் வெளியேற்றம் ஒரே சீராக இருக்கும். நம் ஏரிகளின் மதகும் கலிங்கும் இவ்விரு பணிகளையும் பிரித்துச் செய்வதை உழவர் குடியில் பிறந்த மாணவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. வயலுக்கு அளவோடு விடுவது மதகு; கொள்ளாத நீரைக் கரை உடையாமல் வெளியே தள்ளுவது கலிங்கு.

ஏற்காத கோரிக்கைக்கு என்ன சொல்லி அனுப்புவது? இணையப் பக்கங்களுக்கான நெறியில் 503 என்னும் குறியீடு ‘இப்போது சேவை தர இயலவில்லை’ எனப் பொருள்படும். 2012 ஏப்ரலில் 429 என்னும் குறியீடு சேர்க்கப்பட்டது. ‘மிகப் பல முறை கேட்டுவிட்டாய்’ என்பது அதன் பொருள். முன்னது வழங்கியின் தளர்ச்சி. பின்னது வாங்கியின் மிகை. இரண்டோடும் ‘இத்தனை வினாடி கழித்து வருக’ என்னும் குறிப்பையும் இணைத்து அனுப்பலாம். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் பொங்கல் பரிசுத் தொகுப்பு வழங்குமுன், நாளும் நேரமும் குறித்த டோக்கனை வீடு வீடாகக் கொடுத்ததை நாம் கண்டிருக்கிறோம். டோக்கன் கையில் இருப்பவர் விடியற்காலையில் வந்து வரிசையில் நிற்பதில்லை. எப்போது வரவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எப்போது எனத் தெரியாத காத்திருப்பே மனிதரைக் கதவைத் தட்டச் செய்கிறது.

மறுப்பதற்கும் விலை உண்டு என்பதை ஈண்டு மறத்தலாகாது. கோரிக்கையை வாங்கி, பிரித்து, யார் அனுப்பியது என்று தேர்ந்து, இல்லை என்று விடையெழுதுவதும் வேலையே. ஆகவே மறுக்க வேண்டியதை முன்வாசலிலேயே மறுப்பது சிறப்பு. தரவுத்தளம் வரை அழைத்துச் சென்று மறுப்பது வீண்.

இம்முறையில் நமக்கு ஒரு மனக்குறையும் உண்டு. வாங்கி யார் என்பதை வழங்கி எதனைக்கொண்டு அறிகிறது? பல இடங்களில் இணைய முகவரியைக்கொண்டே அறிகிறது. ஒரு கல்லூரியில் ஆயிரம் மாணவர்கள் இருப்பினும், வெளியுலகுக்கு அவர்கள் அனைவரும் ஒரே முகவரியாகத் தோன்றுதல் பெருவழக்கு. கைப்பேசி நிறுவனங்களும் பல்லாயிரம் வாடிக்கையாளரை ஒரே முகவரியின் பின்னே நிறுத்துவதுண்டு. வீட்டில் தனி இணைப்பு உடையவர்க்கு ஒரு வாளி. விடுதி மாணவர் ஆயிரவர்க்கும் ஒரே வாளி. அவருள் ஒருவன் எழுதிய முறையற்ற நிரல் அவ்வாளியை வெறிதாக்கினால், நூலகத்தில் அமர்ந்து ஒரே ஒரு கட்டுரையைத் தேடும் மாணவிக்கு 429 என்னும் மறுப்பு வருகிறது. அளவுக் கட்டுப்பாடு நடுவுநிலையானது என்று வல்லுநர் சொல்லும்போது, எதனை அலகாகக்கொண்டு அளக்கிறீர் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பயனர் கணக்கையோ, அடையாளச் சாவியையோ அலகாகக் கொள்ளும் அமைப்புகள் இவ்வகையில் மேலானவை.

தமிழ் நூல்களைத் தேடுவோர்க்கு

இப்பொருள் தமிழ் மாணவர்க்கு எதற்கு என்று வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். மொழியாய்வில் ஈடுபடும் இளைஞர் பலர் இன்று சொற்களைத் தொகுக்கவும் பாடல்களை ஒப்பிடவும் தாமே நிரல் எழுதுகின்றனர். ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்தும் விக்கிமூலத்திலிருந்தும் திரட்டுகின்றனர். நிரல் எழுதிய கணத்தில் அவர்கள் வெறும் வாசகர் அல்லர். வாங்கியின் நடத்தையை வகுப்பவர்களாகிவிடுகின்றனர். நெட்கியர் ரூட்டரின் மென்பொருளை எழுதியவர் இருந்த இடத்தில் இப்போது அவர்கள் இருக்கின்றனர்.

அவ்விரு தளங்களையும் நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, நன்கொடையால் இயங்குவது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிப்பதற்கென உள்ளடக்கங்களை அள்ளிச் செல்லும் தானியங்கிகளின் பெருக்கத்தால், பல்லூடகக் கோப்புகளைத் தரவிறக்கும் போக்குவரத்து 2024 சனவரியிலிருந்து 50 விழுக்காடு கூடிவிட்டதாக அது 2025 ஏப்ரலில் அறிவித்தது. மிகுந்த செலவு வைக்கும் போக்குவரத்தில் குறைந்தது 65 விழுக்காடு தானியங்கிகளால் விளைவதாகவும் கூறியது. மனிதர் பலரும் படிக்கும் பக்கங்கள் அண்மையில் உள்ள சேமிப்பிலிருந்தே கிடைத்துவிடும். எவரும் திறவாத பழம்பக்கங்களையும் வரிசையாகத் திறப்பது தானியங்கி. அவற்றுக்கு ஒவ்வொரு முறையும் நடுவிலுள்ள வழங்கி உழைத்தாக வேண்டும். தமிழில் பழைய நூல்களின் பக்கங்கள் பெரும்பாலும் இவ்வகையினவே என்பதை நினைக்க வேண்டும்.

விக்கித் தளங்களின் மென்பொருளில் ‘மேக்ஸ்லேக்’ என்றொரு ஏற்பாடு உண்டு. அதுபற்றி அறிந்தபோது நாம் மிகவும் மகிழ்ந்தோம். வாங்கி தன் கோரிக்கையோடு ஓர் எண்ணை இணைத்து அனுப்பலாம். 5 என்று வைத்துக்கொள்வோம். ‘உம் தரவுத்தளங்கள் ஒன்றையொன்று பின்தொடர்வதில் 5 வினாடிக்குமேல் பின்தங்கி இருந்தால், என் வேலை அவசரமன்று, என்னை மறுத்துவிடும்’ என்பது அதன் பொருள். வழங்கி தளர்ந்திருந்தால் மறுத்து, எப்போது வரலாம் என்பதையும் தெரிவிக்கும். மறுக்கும் உரிமையைக் கேட்பவரே முன்வந்து கொடுக்கும் இம்முறையால், பக்கத்தைத் திறந்து காத்திருக்கும் மனிதர்க்கு முதலிடம் கிடைக்கிறது. இரவெல்லாம் ஓடக்கூடிய நிரல் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது.

ஆகவே நிரல் எழுதும் மாணவர், கோரிக்கைகளைப் பத்துப் பத்தாக ஒருசேர அனுப்பாது, ஒன்றின் விடை வந்தபின் மற்றொன்றை அனுப்ப வேண்டும். ஒருமுறை பெற்ற பக்கத்தைத் தம் கணினியில் சேமித்துக்கொள்ள வேண்டும். நிரலைத் திருத்தித் திருத்தி ஓட்டும்போதெல்லாம் அதே பக்கத்தை மீண்டும் கேட்பது மாணவர் பலரிடம் காணும் வழக்கம். முழுத் தொகுப்பும் வேண்டுமாயின், விக்கிமீடியா அதற்கெனவே ஒரே கோப்பாக அணியப்படுத்தி வெளியிடும் தரவுத் தொகுதியை இறக்கிக்கொள்ளலாம். ஐம்பதாயிரம் கோரிக்கைகள் செய்வதை அது ஒன்றே செய்துவிடும். நிரலின் பெயரையும் தொடர்புகொள்ளும் முகவரியையும் கோரிக்கையின் தலைப்பில் குறிப்பிட்டால், நிரல் தவறி ஓடும் நாளில் வழங்கியைக் காப்பவர் வாயிலை மூடுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்க வழியிருக்கும்.